தலைப்பு மட்டும் போதாது: தமிழ்ப் பாடக் குழுவுக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்
மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் தமிழ்ப் பாட வல்லுநர்கள்,
அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்காக வினாத்தாளும் விடைக்குறிப்பும் அமைப்போர்.

பொருள்: 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் எழுத்துப் பயிற்சி வினாக்களை மாற்றியமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண், கடிதத்துக்கு 5, ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்ற வினாவுக்கு 5. ஆக, 100க்கு 18 மதிப்பெண்ணை மாணவர் தம் சொந்தச் சொற்களில் எழுதட்டும் என்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு வாக்கியம்கூடச் சொந்தமாக யோசிக்காமல் அந்த 18ஐயும் வாங்கிவிடலாம் என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியும், டியூஷன் சென்டர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று பயிற்சிக் கூட்டங்களில் பேசிக்கொண்டே இருக்கிறோம். நாம் எழுதும் வினாக்களை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த மடல் அந்த வினாக்களைப் பற்றியது.

பொதுக்கட்டுரையை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக: முன்னுரை – மரங்களின் பயன் – மரங்களை அழிப்பதால் வரும் கேடு – அரசின் கடமை – நமது கடமை – முடிவுரை’ என்ற அமைப்பில்தான் வினா வருகிறது. கட்டுரை எழுதுவதில் கடினமான வேலை எது? எதை முதலில் சொல்வது, எதை விடுவது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்று முடிவு செய்வதுதான். அந்த வேலை முழுவதையும் வினா அமைத்தவரே செய்து முடித்துவிட்டார். கோலத்துக்குப் புள்ளியும் வைத்து, கோடும் இழுத்துவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுக் கலர்ப்பொடி மட்டும் தூவச் சொல்வதுபோல இருக்கிறது. ஆறு உட்தலைப்பு, தலைப்புக்கு நான்கு வாக்கியம், ஆக 24 வாக்கியம். முன்னுரையில் ‘நீரின்றி அமையாது உலகெனின்’ என்ற 20ஆம் குறள். அதே குறள் மழை, மரம், ஏரி, சுற்றுச்சூழல், பேரிடர் என எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும். உட்தலைப்பைக் கருப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டால், ஒரு நாளுக்கு இத்தனை விடைத்தாள் என்று கணக்கு வைத்துத் திருத்தும் முகாமில், ஆசிரியரின் கண் உட்தலைப்பிலிருந்து உட்தலைப்புக்குத் தாவி 7 போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விடைக்குறிப்பு அவரிடம் கேட்பதும் அவ்வளவுதான்.

நேரத்தையும் பாருங்கள். 180 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 8 மதிப்பெண் கட்டுரைக்குக் கிடைப்பது 14 நிமிடத்துக்குச் சற்று மேல். கையெழுத்து வேகமுள்ள பிள்ளை அதற்குள் இரண்டு பக்கம் எழுதும். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்காமல் இருந்தால். மூன்று நான்கு பக்கம் எதிர்பார்க்கும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. அந்தப் பக்கங்களை மனப்பாடத்தால் மட்டுமே நிரப்ப முடியும். பக்க எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போடுகிற வரைக்கும் மனப்பாடம் போகாது.

ஒரு எழுத்து வினாவில் என்னென்ன இருக்க வேண்டும்? எழுதுபவர் யாராக நின்று எழுதுகிறார், யார் படிக்கப்போகிறார், படித்தவர் அதை வைத்து என்ன செய்ய வேண்டும், எழுதுவதற்கான செய்தியை எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு நீளம், எதற்கு எத்தனை மதிப்பெண். இவற்றில் முதல் நான்கும் இப்போதைய வினாக்களில் அநேகமாக இல்லை. படிப்பவர் யார் என்று தெரியாதபோது பிள்ளை திருத்தும் ஆசிரியருக்காகவே எழுதுகிறது. செய்தி கையில் இல்லாதபோது உரைநூலில் இருக்கும் செய்தியை எழுதுகிறது. இரண்டும் மிக இயல்பான முடிவுகள். அந்த இடத்தில் நாமும் அதைத்தான் செய்வோம்.

ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் இயலில் ‘நீரின்றி அமையாது உலகு’ பாடம் இருக்கிறது. குமிழித்தூம்பு என்ற ஏரி மதகு அமைப்பு, கல்லணை, அகழி, ஊருணி என நீர்நிலைப் பெயர்களின் பட்டியல் எல்லாம் அதில் வருகின்றன. பாடம் முடிந்ததும் ‘நீர் மேலாண்மையின் தேவை பற்றிக் கட்டுரை வரைக’ என்று கொடுத்தால், 40 நோட்டிலும் ஒரே கட்டுரை வரும். அதே பாடத்துக்கு இப்படி ஒரு வினா கொடுத்துப் பாருங்கள்:

‘பாடத்தில் உள்ள நீர்நிலைப் பட்டியலில் ஏதாவது ஒன்று உங்கள் ஊரில் இருக்கும். அதை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே வெளியேறுகிறது, கரையில் என்னென்ன இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 60 வயதைக் கடந்த இருவரிடம், தாங்கள் சிறுவராக இருந்தபோது அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதில் இரண்டு வாக்கியங்களை அவர்கள் பேசியபடியே எழுதி வாருங்கள். இவற்றை வைத்து, உங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் படித்தால் அந்த நீர்நிலையைத் தானே கண்டுபிடித்துப் போய்ப் பார்க்கும்படி 30 வரியில் எழுதுங்கள். உட்தலைப்பு வேண்டாம். குறளோ பழமொழியோ தேவைப்பட்டால் மட்டும்.’

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை உண்டு. ‘எந்தப் பக்கமிருந்து வருகிறது’ என்ற கேள்வி வரத்துக்கால்வாயைத் தேட வைக்கும். தேடிப்போன பிள்ளை அது அடைபட்டிருப்பதைப் பார்த்தால், ஆக்கிரமிப்பு என்ற தலைப்பை நாம் கொடுக்காமலே கட்டுரையில் அது வந்துவிடும். ‘ஆறாம் வகுப்பு மாணவர்’ என்றதும் வாக்கியம் சிறுக்கும், கடினச் சொற்கள் குறையும். ‘இரண்டு பேர்’ என்பதற்கும் காரணம் உண்டு. ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுவார்கள். இருவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒருவர் ஏரி எழுபதுகளில் நிரம்பி வழிந்தது என்பார், இன்னொருவர் அந்தப் பத்தாண்டே பஞ்சம் என்பார். அந்த முரணை என்ன செய்வது என்று யோசிக்கும் இடத்தில்தான் எழுத்து தொடங்குகிறது. ‘பேசியபடியே’ என்று கேட்பதால் வட்டார வழக்கு மேற்கோள் குறிக்குள் கட்டுரைக்குள் வரும். கட்டுரையின் மற்ற வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

சென்னைப் பிள்ளைக்கு ஏரி இல்லையே என்ற கேள்வி உடனே வரும். இருக்கிறது, சில இடங்களில் பேருந்து நிலையத்தின் பெயரிலோ தெருவின் பெயரிலோ மட்டும் மிஞ்சியிருக்கும். அதுவும் எட்டவில்லை என்றால் மாற்று வினா கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டடங்களுக்குக் கட்டாயம். வசிக்கும் கட்டடத்தில் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது, உறைகிணற்றிலா, குழியிலா, நேராகச் சாக்கடையிலா என்று பார்த்து, அந்தக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவரும் ஒரு குடும்பத்துக்கு எழுதச் சொல்லலாம். லாரித் தண்ணீர் வரும் தெருவில் எந்த நாள், எத்தனை மணி, வீட்டுக்கு எத்தனை குடம், வரிசையை யார் ஒழுங்குபடுத்துகிறார்கள் என்று எழுதச் சொன்னாலும் நல்ல கட்டுரை வரும். ஊருக்குத் தகுந்த மாற்று வினாவைத் தமிழாசிரியரே எழுதிக்கொள்ளும் உரிமையைக் கையேட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இப்போது பலர் தயங்குவது, ‘புத்தகத்தில் இல்லாததை ஏன் கொடுத்தீர்கள்’ என்ற கேள்விக்கு அஞ்சித்தான்.

நீளத்தை ‘வரி’யில் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். தமிழில் சொல் எண்ணிக்கை நல்ல அளவுகோல் ஆகாது. ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ ஒரு சொல், ‘நீ வா’ இரண்டு சொல். ‘200 சொற்களுக்கு மிகாமல்’ என்றால் பிள்ளைகள் சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்தும் பிரிக்க வேண்டியதைச் சேர்த்தும் கணக்குக் காட்டுவார்கள். கோடிட்ட நோட்டில் 25 வரி, 30 வரி என்றால் எல்லோருக்கும் புரியும்.

கடிதத்துக்கு வருவோம். இங்கேதான் சீர்கேடு அதிகம். அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், இப்படிக்கு, நாள், இடம், உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் எனப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடிதத்தின் செய்திக்கு ஒன்றோ இரண்டோ விடும் விடைக்குறிப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதனால் பிள்ளைகள் கட்டத்தைக் கச்சிதமாகப் போட்டுவிட்டு, ‘எங்கள் பகுதியில் தெருவிளக்குகள் எரியவில்லை. மக்கள் பெரிதும் துன்பப்படுகின்றனர். எனவே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று மூன்று வரியில் முடிக்கிறார்கள். உண்மையான அலுவலர் ஒருவர் இதைப் படித்தால் எந்தக் கம்பத்துக்கு ஆள் அனுப்புவார்? தெருவின் பெயர், கம்ப எண், எந்த நாளிலிருந்து எரியவில்லை, எத்தனை விளக்கு, முன்பே புகார் கொடுத்திருந்தால் அதன் நாள். இந்த ஐந்தும் இல்லாத கடிதத்தால் பல்பு மாறாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. தெருவிளக்குப் பழுதுக்கு மின்வாரிய அலுவலருக்கு எழுதச் சொல்கிறோம். விளக்கைப் பராமரிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சிகளின் வேலை. உணவு விடுதியில் உணவு தரமில்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதச் சொல்லும் வினாவிலும் இப்படித்தான். தரக்குறைவு அவர் பார்க்க வேண்டியது. பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் அது தொழிலாளர் துறையின்கீழ் வரும் எடையளவுச் சட்டப் பிரிவின் வேலை. விடுதிக்காரர் தோசைக்கு என்ன விலை வைக்கிறார் என்பதில் ஆணையர் தலையிட வழியில்லை. இதையெல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பதே அலுவலகக் கடிதத்தில் பாதி வேலை. வினாவில் பெறுநரைக் கொடுக்காமல், நான்கு அலுவலகங்களின் பெயரையும் ஒவ்வொன்றின் பணியை ஒரு வரியிலும் கொடுத்து, சரியானவரைத் தேர்ந்து எழுதச் சொல்லலாம். கூடவே ஒரு ரசீதின் படம்: நாள், நேரம், வாங்கிய பொருள், தொகை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண். இந்த விவரங்களில் எவை கடிதத்துக்கு வேண்டும், எவை வேண்டாம் என்று பிரித்தெடுப்பதற்கு 2 மதிப்பெண் வையுங்கள். பெறுநர் தேர்வுக்கு 1, கோரிக்கை தெளிவாக இருந்தால் 1, வடிவம் முழுவதற்கும் சேர்த்து 1. ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

மேல்நிலை வகுப்பில் இதையே தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவாக எழுதப் பழக்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டம், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் என்ற அளவு தெரிந்தால் போதும். எழுத்துப் பயிற்சியாக இது அருமையானது, ஏனென்றால் கேள்வி பிசகினால் பதில் வராது. ‘எங்கள் தெருவில் ஏன் இன்னும் சாலை போடவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடலாம். ‘இந்தத் தெருவின் சாலைப் பணிக்குச் சென்ற நிதியாண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? பணி ஆணையின் நகல் தருக’ என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏன் என்ற கேள்வியை எவ்வளவு, எப்போது, எந்த ஆவணம் என்று மாற்றி எழுதுவது ஒரு வகுப்பு முழுவதற்கும் போதுமான பயிற்சி. மனுவை அனுப்ப வேண்டியதில்லை.

ஊர்ப்புறப் பள்ளிகளுக்குக் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். ஆகஸ்ட் 15க்கும் அக்டோபர் 2க்கும் இரண்டு வாரம் முன்பு, கிராமசபையில் வாசிப்பதற்கான தீர்மான வரைவு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். நாள் குறித்த, படிப்பவர் உள்ள எழுத்து அது. போட்டியில் வென்ற கற்பனைத் தோழனுக்கு வாழ்த்து மடல் எழுதும் வினாவை ஓரிரு ஆண்டு ஓய்வெடுக்க விடலாம். அந்தத் தோழனும் பாவம், எத்தனை லட்சம் வாழ்த்து வாங்கியிருப்பான்.

‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஐந்து வரிகள் சுற்றில் இருக்கின்றன, பிள்ளைகள் படத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். படத்தோடு ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: ‘இடப்பக்கம் நிற்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று நினைக்கிறீர்கள்? படத்தில் உள்ள எந்த இரண்டு விவரங்கள் அப்படி நினைக்க வைக்கின்றன?’ அந்த ஐந்து வரி இதற்கு உதவாது.

இனி வகுப்பறை. வினாவை எவ்வளவு நன்றாக எழுதினாலும், ‘திங்கட்கிழமை எழுதி வாருங்கள்’ என்று விட்டால் ஞாயிறு இரவு எட்டு மணிக்குத்தான் பேனா எடுப்பார்கள், அல்லது அக்கா எடுப்பார். எழுத்துப் பணியை இரண்டு வாரத்தில் ஐந்து பாடவேளையாகப் பிரிப்பதுதான் எங்கள் பரிந்துரை. முதல் வேளையில் வினாவை வாசித்து, என்ன கேட்டிருக்கிறது என்று பேச்சுத் தமிழிலேயே பேசவிட வேண்டும். செய்தி சேகரிக்க மூன்று நாள். இரண்டாம் வேளையில் குறிப்புகளைப் பார்த்து, ‘நான் சொல்ல வருவது இது’ என்று ஒரே ஒரு வாக்கியம். இந்த வாக்கியம் வராத பிள்ளைக்கு வரைவு எழுத அனுமதி இல்லை. கறாராகத் தோன்றினாலும் இந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் பின்னால் எல்லாம் குழம்பும். மூன்றாம் வேளை முழுவதும் வகுப்பிலேயே கையால் வரைவு. ஒற்று, எழுத்துப்பிழை பற்றிய பேச்சே அன்றைக்கு வேண்டாம். ‘வச்சு’, ‘போயி’ என்று வந்தாலும் வரட்டும். நான்காம் வேளை இருவர் இருவராக மாற்றிப் படித்தல். ஐந்தாவதில் திருத்தம். திருத்தியதைச் சுத்தமாக எழுதும் செவ்வைப்படி வீட்டில்.

மாற்றிப் படித்தல் என்று சொன்னவுடன் நடப்பது தெரியும்: ‘நல்லா இருக்குடா’ என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நண்பனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதனால் கருத்து கேட்கக் கூடாது, வேலை கொடுக்க வேண்டும். படிப்பவர் தனக்குப் புரியாத ஒரு வாக்கியத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு, யார் என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும் இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். எழுதியவர் அந்த இரண்டு கேள்விக்கும் தம் திருத்திய படியில் பதில் சேர்க்க வேண்டும். நான்கு பேர் குழு வேண்டாம். இருவர் படிப்பார்கள், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

திருத்தும் சுமையைப் பற்றிப் பேசாமல் ஆசிரியரிடம் எதையும் கேட்க முடியாது. மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 பிள்ளை என்றால் 120 நோட்டு. ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்றாலும் 12 மணி நேரம். ஆண்டுக்கு எட்டுக் கட்டுரை என்றால் 96 மணி நேரம். இது முடியாது என்பதால்தான் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரிக்குறி, கடைசியில் கையொப்பம், நாள் என்று கட்டுரை நோட்டு ஓடுகிறது. ஆய்வுக்கு வருபவரும் கையொப்பம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். எட்டை நான்காகக் குறையுங்கள். நான்கில் ஒவ்வொன்றுக்கும் வரைவைப் பார்க்க இரண்டு நிமிடம், செவ்வைப்படிக்கு நான்கு நிமிடம். மொத்தம் 48 மணி நேரத்தில் முடியும், ஒவ்வொரு பிள்ளையும் ஒரே கட்டுரையை இருமுறை எழுதியிருக்கும். ஆய்வு அலுவலர் கேட்க வேண்டியது ஒன்றே: வரைவுக்கும் செவ்வைப்படிக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது?

செவ்வைப்படியிலும் எல்லாப் பிழையையும் சிவப்பில் சுழிக்க வேண்டியதில்லை. பக்கம் முழுவதும் சிவப்பைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை பிழை வராத வாக்கியங்களை மட்டும் எழுதும். பிழை வராத வாக்கியம் என்றால் மனப்பாட வாக்கியம். ஒரு கட்டுரைக்கு இரண்டு இலக்கு போதும், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் கட்டுரைக்கு எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம், அதோடு ர, ற வேறுபாடு. அடுத்ததற்கு இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகுவது. எழுவாய்–பயனிலையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘வந்து, பார்த்து, எடுத்து, கொண்டுபோய்’ என்று வினையெச்சங்களை அடுக்கும்போது தொடக்கத்தில் இருந்த எழுவாய் மறந்துபோய், ‘மாணவர்கள்’ என்று தொடங்கியது ‘செய்யப்பட்டது’ என்று முடியும். ஒற்றுப்பிழை இருந்தாலும் பொருள் பெரும்பாலும் புரியும், இந்தப் பிழை இருந்தால் புரியாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும், திருப்பூர் போன்ற ஊர்களில் வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இலக்கை ஒன்றாகக் குறைத்துவிடலாம். செய்தி மதிப்பெண்ணில் அவர்களுக்குக் குறைவு வரக் கூடாது.

நகலெடுப்பது பற்றி ஒரு சொல். முன்பு உரைநூல், பிறகு பிரவுசிங் சென்டர் பிரின்ட், இப்போது சாட்ஜிபிடி. ஊர்க் கண்மாயைப் பார்த்து எழுதும் வினாவுக்கு இவை மூன்றும் அதிகம் உதவா. குறிப்பெடுத்த தாளையும் வகுப்பில் எழுதிய வரைவையும் செவ்வைப்படியோடு சேர்த்துக் கட்டி வாங்கினால் சந்தேகத்துக்கும் விசாரணைக்கும் தேவை இருக்காது. இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கருவிகள் காட்டும் விழுக்காட்டை நம்பி எந்தப் பிள்ளையையும் குற்றம் சாட்ட வேண்டாம். செயல்திட்டம் என்ற பெயரில் சார்ட், ஸ்டேஷனரி கடைப் படம், ஜிகினா ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுப்பதையும் நிறுத்திவிடலாம். அதில் மதிப்பிடப்படுவது பெற்றோரின் காசு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணுக்குள் ஒப்படைப்புக்கு இருக்கும் சிறு பங்கும், வரைவு இருந்தால்தான் உண்டு என்று விதி வையுங்கள்.

பொதுத்தேர்வில் பிள்ளைகள் ஏரிக்குப் போக முடியாது என்பது சரிதான். அங்கே செய்தியை வினாத்தாளிலேயே கொடுத்துவிடலாம். 8 மதிப்பெண்ணுக்கான ஒரு மாதிரி இதோ, எண்கள் வினாவுக்காகப் புனைந்தவை:

‘ஒரு பள்ளியில் ஒரு வாரம் சத்துணவில் மிஞ்சிய சோறு: திங்கள் 4 கிலோ, செவ்வாய் 9, புதன் 3, வியாழன் 10, வெள்ளி 4. சமையலர்: “செவ்வாயும் வியாழனும் நிறைய பிள்ளைங்க விளையாட்டுப் பயிற்சிக்குப் போயிடுறாங்க.” ஒரு மாணவி: “அந்த ரெண்டு நாளும் காரம் தாங்க முடியல.” யார் சொல்வது சரியாக இருக்கும், அதை எப்படி உறுதிசெய்வது, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியருக்கு 25 வரியில் எழுதுக.’

செய்தியைச் சரியாக எடுத்தாண்டதற்கு 3, காரணம் காட்டி முடிவு சொன்னதற்கு 2, வரிசைக்கு 1, மொழிக்கு 2. மெல்லக் கற்கும் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்று தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிய கவலை எழும். உட்தலைப்பு இருந்தால்தான் அவர்கள் எழுதுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உட்தலைப்பு மட்டும் கொடுத்தால், மனப்பாடம் மறந்துபோன பிள்ளை அந்தத் தலைப்புகளையே திரும்ப எழுதிவைத்துவிட்டு வருகிறது. இங்கே அதன் கையில் ஐந்து எண்ணும் இரண்டு பேச்சும் இருக்கின்றன. அவற்றை வாக்கியமாக்கினாலே 3 கிடைக்கும். இரண்டு நாள் மட்டும் ஏறியிருப்பதைக் கவனித்தால் 5. விளையாட்டுப் பயிற்சி இல்லாத ஒரு செவ்வாயன்று மிஞ்சியதை எடைபோட்டுப் பார்க்கலாம் என்று எழுதும் பிள்ளைக்கு 8 கொடுக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

மாற்றத்தை ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்பில் கொண்டுவர வேண்டாம். முதல் ஆண்டு ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலும் அரையாண்டிலும். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள் பத்துக்கு வரும்போது, ஒன்றைத் தேர்ந்து எழுதும்படி உள்தெரிவாக வரும் இரண்டு கட்டுரை வினாக்களில் ஒன்று மட்டும் இந்த அமைப்பில் இருக்கட்டும், மற்றது பழைய முறையிலேயே வரட்டும். அதற்கு முன், ஒவ்வொரு வினா வகைக்கும் உயர்ந்த, நடுத்தர, குறைந்த மதிப்பெண் பெற்ற மூன்று விடைகளை, ஏன் அந்த மதிப்பெண் என்ற ஓரக் குறிப்போடு வெளியிடுங்கள். விடைக்குறிப்பை அச்சுக்கு அனுப்பும் முன் இரண்டு ஆசிரியரிடம் ஒரே ஐந்து விடைகளைத் தனித்தனியாகத் திருத்தக் கொடுங்கள். 8 மதிப்பெண்ணில் 2க்கு மேல் வேறுபாடு வந்தால் விடைக்குறிப்பில்தான் தெளிவில்லை. அதைத் திருத்தி, வேறு இரண்டு பேரிடம் மறுபடி கொடுங்கள்.

இப்படிக்கு,
உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்